இரண்டாவது மைக்

ஒரு வள்ளி கும்மி அரங்கேற்றத்தில், ஊரே கூடியிருக்க, பாடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் குரலை மிக்ஸரில் வேண்டுமென்றே இறக்கி வைத்தவன் நான். மைக்கில் கோளாறு இல்லை. காற்று எதிர்த்து அடிக்கவில்லை. ஜெனரேட்டர் திணறவில்லை. இவையெல்லாம் கேட்டவர்களிடம் பிற்பாடு நான் சொன்ன பொய்கள்.

ரேடியோ செட் என் தொழில். போர்டில் இப்போது டி.ஜே. சவுண்ட்ஸ் என்று எழுதியிருந்தாலும், அவிநாசி, பெருமாநல்லூர் பக்கம் இன்னமும் என்னை ரேடியோ செட்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். சீர், வளைகாப்பு, கோயில் பொங்கல், பனியன் கம்பெனி ஆயுத பூஜை என்று எல்லாவற்றுக்கும் பெட்டி கட்டியிருக்கிறேன். எந்தப் பாட்டுக்கு எந்தக் கூட்டம் எழுந்து ஆடும், எந்த இடத்தில் சத்தத்தை ஏற்றினால் உட்கார்ந்திருப்பவர்களின் கால் தானாக ஆடும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அதனால்தான் அன்று நான் செய்ததைத் தெரியாமல் செய்ததாகச் சொல்ல எனக்கு வாயில்லை.

வள்ளி கும்மி எங்கள் கொங்கு நாட்டின் ஆட்டம். முருகன் வள்ளியைத் தேடி வருவதும், தினைப்புனத்தில் கிழவனாக வேடம் போடுவதும், யானை வந்து மிரட்டுவதும், கடைசியில் கல்யாணமும் பாட்டாக ஓட, வட்டமாக நின்று அடவு போட்டு ஆடுவார்கள். வள்ளியின் கதைதான் என்றாலும் நெடுங்காலம் இதை ஆண்களே பாடி ஆடினார்கள். மேட்டுப்பாளையம் பக்கத்துத் தேக்கம்பட்டியைச் சேர்ந்த வள்ளி கும்மி ஆசிரியர் பத்திரப்பன் ஐயாவுக்கு 2024-இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது அவருக்கு வயது 87. ஆண்கள் கையில் இருந்த இந்தக் கலையை வழக்கத்தை மீறிப் பெண்களுக்கும் பழக்கியவர் என்பதையும் அரசு தன் குறிப்பில் சேர்த்துச் சொன்னது. இன்றைக்குத் திருப்பூர் சுற்றுவட்டாரத்தில் எந்த ஊர்த் திடலுக்குப் போனாலும் வட்டத்தில் பெண்கள்தான் அதிகம். செக்கிங், டிரிம்மிங், பேக்கிங் என்று நாளெல்லாம் நின்ற காலோடு வீட்டுக்குப் போய், சோறாக்கி வைத்துவிட்டு, எட்டரை மணிக்குமேல் பழக வருகிறார்கள். அந்த நேரத்தில் அவர்கள் முகத்தில் வருகிற தெளிச்சியை நான் கம்பெனி வாசலில் பார்த்ததில்லை.

ஆனால் ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். வட்டத்தில் ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஒரே நிறச் சேலையைக்கூட அவர்களே காசு போட்டு எடுக்கிறார்கள். காசு போய்ச் சேருவது மைக் பிடிப்பவருக்கும் மேளக்காரருக்கும் செட்காரனுக்கும். நான் போன விழாக்களில் அந்த இடங்களில் நின்றவர்கள் எல்லோருமே ஆண்கள். பனியன் கம்பெனியிலும் பல காலம் இப்படித்தான் நடந்தது. பவர் டேபிளில் பீஸ்ரேட்டுக்கு உட்காருகிற ஆண் டெய்லர் கையில் வாரக் கடைசியில் நிற்கிற பணம் வேறு, பக்கத்தில் நின்று துணி எடுத்துக் கொடுக்கிற பெண்ணின் கூலி வேறு. எந்த வேலை யாருக்கு என்பது அங்கே சட்டமாக எழுதி ஒட்டப்படவில்லை. இங்கேயும் இல்லை. எழுதாத சட்டத்தைக் காக்க ஒரு கை வேண்டும். அந்த அரங்கேற்றத்தில் அது என் கையாக இருந்தது.

அந்தப் பெண் ஒரு கம்பெனியில் செக்கிங். பாட்டு முழுக்க மனப்பாடம். கும்மி ஆசிரியர் வரத் தாமதமானால் அவர்தான் எடுத்துக்கொடுப்பார். பழகுகிற நாட்களில் மைக் இல்லை. மேளம் முழங்கும்போதும் அவர் குரல் கடைசி வரிசைவரை துல்லியமாகப் போகும். ஓவர்லாக் மெஷின்களின் இரைச்சலுக்கு நடுவே பேசிப் பழகிய தொண்டை.

அரங்கேற்றத்தன்று வெளியூரிலிருந்து வந்த பாட்டுக்காரருக்குப் பாதியில் தொண்டை கட்டிக்கொண்டது. கிழவன் வேடத்தில் வந்த முருகன் தண்ணீர் கேட்கிற இடம். ஆடிக்கொண்டிருந்த பெண்களே இரண்டாவது மைக்கை எடுத்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்துவிட்டார்கள். அவர் அடுத்த அடியை எடுத்ததும் வட்டம் நிமிர்ந்தது. கைத்தட்டும் சலங்கையும் ஒரே அடியாக விழுந்தன. நான் கேட்ட கும்மிகளில் அதைப்போல் ஒன்றாக விழுந்த ஆட்டம் வேறில்லை.

முன்வரிசை நாற்காலியில் இருந்த கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர் என் பக்கம் திரும்பினார்கள். அவர்கள் எதுவும் சொல்லவில்லை. கையைக்கூட அசைக்கவில்லை. நான் மிக்ஸரில் அவர் மைக்கின் ஃபேடரைக் கொஞ்சம் இறக்கினேன். பிறகு இன்னும் கொஞ்சம். அவருக்கு முன்னால் இருந்த மானிட்டரிலும் அவர் குரலைக் குறைத்தேன். மேளத்தின் மைக்கை ஏற்றினேன். தன் குரல் தனக்கே கேட்காமல் போனால் எவ்வளவு பெரிய பாடகரும் கத்தத்தான் செய்வார். அவரும் கத்தினார். சுருதி விலகியது, தாளம் பின்னால் போனது, வட்டம் கலைந்தது. பாட்டுக்காரர் சுடுதண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைத்துவிட்டேன்.

கமிட்டிக்காரர் ஒருவர் எழுந்து வந்து, "பொம்பளக் கொரலு மேளத்துக்கு எடுபடாது, இல்லீங்?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன்.

விழா முடிந்து பெட்டிகளைக் கழற்றும்போது அந்தப் பெண் வந்தார். "என்ற கொரல் எனக்கே கேக்கலீங்ண்ணா. நாந்தான் தப்பாப் பாடிட்டனா?" என்றார். "காத்து, அம்மிணி. தூக்கிட்டுப் போயிருச்சு" என்றேன். அவர் நம்பினார். செட்காரன் சொன்னால் நம்பாமல் என்ன செய்வார்?

ஏன் செய்தேன் என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். அந்தப் பெண்மீது எனக்குக் கோபம் இல்லை. பாட்டுக்காரர் எனக்குப் பழக்கம். அவர் போகிற ஊர்களில் செட் என்னுடையதாக இருக்கும். அது ஒரு காரணம். ஆனால் அந்த நிமிடத்தில் நான் ஆர்டரைப் பற்றி நினைக்கவில்லை. பெரியவர்கள் திரும்பிப் பார்த்தால் எதையோ சரிசெய்ய வேண்டும் என்று என் கைக்குப் பழகியிருந்தது. எது தப்பு என்று நான் யோசிக்கவே இல்லை. ஒரு பெண் மைக்கில் இருப்பதுதான் தப்பு என்று என் கை எனக்கு முன்பே முடிவு செய்துவிட்டது. அந்த இருவரும் ஒருவேளை பாட்டு பிடித்துப்போய், "யாருப்பா பாடறது?" என்று கேட்கத் திரும்பியிருக்கலாம். அதை நான் கேட்டுப் பார்க்கவில்லை.

அதைவிடப் பெரிய தப்பைப் பிறகுதான் செய்தேன். வேறு ஊர்களில் பெண்கள் பாடட்டுமா என்று கேட்டபோது, "மேளத்துக்கு எடுபடாதுங்க, அந்த ஊர்லயே பாத்தமில்ல" என்று நானே உண்டாக்கிய நிகழ்ச்சியைச் சாட்சியாகக் காட்டினேன். சவுண்ட் தெரிந்தவன் சொல்கிறான் என்று கேட்டுக்கொண்டார்கள்.

தொழில் தெரிந்தவனாகச் சொல்கிறேன், அது முழுப் பொய். மனிதக் காது அதிகக் கூர்மையாகக் கேட்பது ஏறக்குறைய 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. மேளத்தின் பலம் பெரும்பாலும் அதற்கு வெகு கீழே இருக்கிறது. ஆண்குரலின் கனம் மேளத்தோடு போய் மோதும். பெண்குரல் அதன் மேலே ஏறி நிற்பது இன்னும் சுலபம். 1920-களில் அமெரிக்க ரேடியோவிலும் பெண்குரல் கேட்க நன்றாயில்லை என்று ஒதுக்கினார்கள். அன்றைய ஒலிபரப்பில் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி வெட்டுப்பட்டுப் போனது. பெண்கள் பேச்சின் தெளிவு அதில்தான் அதிகம் அடிபட்டது. குறை கருவியில் இருந்தது, பழி குரலுக்குப் போனது. அங்கே கருவி செய்ததை இங்கே நான் விரலால் செய்தேன்.

இதற்கு அமெரிக்காவரை போகவும் வேண்டாம். கே.பி. சுந்தராம்பாள் பிறந்தது 1908-இல், கொடுமுடியில். எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். மைக் பரவாத காலத்து நாடகக் கொட்டகையில், எஸ்.ஜி. கிட்டப்பாவோடு வள்ளி திருமணத்தில் வள்ளியாக நின்று பாடிய குரல் அது. எந்தக் கோயில் பொங்கலிலும் விடியற்காலையில் நான் முதலில் போடுவது அவர் பாட்டைத்தான். அந்த அரங்கேற்றத்தன்று காலையிலும் போட்டேன். திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா 1990-இல் தொடங்கிய சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையைத் தாங்களே அடித்து ஆடுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். இவ்வளவும் தெரிந்த ஒருவன்தான் "எடுபடாது" என்று சொன்னேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் படிக்கிற ஒரு பெண் செட் வேலை பழக வேண்டும் என்று அவள் அப்பாவோடு வந்தாள். டி.ஜே. ஆக ஆசை. "ஒயரு, பொட்டின்னு தூக்கற வேல, உனக்கெதுக்கு கண்ணு?" என்று அனுப்பிவிட்டேன். பெட்டி தூக்க எனக்கே இரண்டு பையன்கள் இருக்கிறார்கள். மிக்ஸரை இப்போது கைப்பேசியில் விரலால் தள்ளுகிறேன். எனக்கு இருந்த பயம் வேறு. அந்த இடத்தில் ஒரு பெண் உட்கார்ந்தால், யார் குரலை ஏற்றுவது, யார் குரலை இறக்குவது என்பது என் கையை விட்டுப் போகும்.

சில வாரங்களுக்கு முன் செக்கிங் வேலை செய்யும் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கணவரும் இருந்தார். அந்தப் பெண் அழவில்லை, திட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அன்னையிலிருந்து நா ஐஸ்தண்ணி தொடறதில்லீங்ண்ணா. தொண்ட போயிருச்சுன்னு நெனச்சுட்டு இருந்தேன்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அவர் வட்டத்தில் ஆடுவதை விடவில்லை, பாடுவதைத்தான் விட்டார். ஆசிரியர் வராத நாட்களில்கூட வேறு யாராவது எடுத்துக்கொடுக்கட்டும் என்று ஒதுங்கிக்கொள்வாராம்.

நான் எழுந்தபோது ஒன்றைக் கேட்டார்: "இத அந்தக் கமிட்டிக்காரங்ககிட்டயும் சொல்லுவீங்ளா?"

சொல்கிறேன் என்றேன். இதை எழுதுகிற இன்றுவரை சொல்லவில்லை. அந்த ஊர்க் கோயில் பொங்கல் ஆர்டர் வருடா வருடம் எனக்கு வருவது. சொன்னால் அது போகும். மற்ற ஊர்களிலும், இவன் வேறு யார் குரலையெல்லாம் இறக்கினானோ என்று கேட்பார்கள். கேட்பது நியாயம்தான். அவர் மறுபடி பாடுவதும் பாடாததும் அவர் முடிவு. பாடச் சொல்லி வற்புறுத்துகிற உரிமை எனக்கு இல்லை. எனக்கு இருப்பது ஒரே வேலை. இந்த வருடம் அட்வான்ஸ் கொடுக்கக் கமிட்டிக்காரர்கள் என் வீட்டுக்கு வரும்போது, பணத்தைக் கையில் வாங்குவதற்கு முன்பாகச் சொல்லிவிட வேண்டும்.