கடலோரத்தில் ஒரு மனை

எங்கள் ஊர் பனமலை. பல்லவ அரசன் ராஜசிம்மன் எட்டாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் எழுப்பிய தாளகிரீசுவரர் ஆலயம் குன்றின் மேலே இருக்கிறது. கீழே பெரிய ஏரி. இத்தகைய ஊரிலே குடியிருப்பவனுக்குக் கடற்கரையில் மனை வாங்கும் ஆசை ஏன் பிறந்தது என்று கேட்பீர்கள். எல்லாம் ஒரு விளம்பரத்தால் வந்த வினை!

"இயற்கையின் மடியில் இல்லம்" என்றது விளம்பரம். மூலிகைத் தோட்டம், கடற்காற்று, படத்திலே இரண்டு தென்னைகளுக்கு இடையே ஓர் ஊஞ்சல். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபோது கிடைத்த தொகை பாங்கியில் தூங்கிக் கொண்டிருந்தது. என் மனைவிக்குத் தெரியாமல் ஐம்பதாயிரம் ரூபாய் முன்பணம் அனுப்பிவிட்டேன். பிறகுதான் மெதுவாகச் சமாசாரத்தைச் சொன்னேன்.

"பூமியைப் பார்த்தீர்களா?" என்றாள்.

"படம் பார்த்தேன்."

"படத்தைப் பார்த்து வாங்க அது என்ன புடவையா?"

மறுவாரமே இருவரும் புறப்பட்டோம். மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து சற்று உள்ளே இருந்தது இடம். வர்ணக் கொடிகள் பறந்தன. தென்னையையும் ஊஞ்சலையும் காணோம். பக்கத்தில் ஆடு மேய்த்துக் கொண்டிருந்த பெரியவரிடம் என் மனைவி பேச்சுக் கொடுத்தாள்.

"ஃபெஞ்சல் புயலப்ப இங்க இடுப்பளவு தண்ணி நின்னுதும்மா. தண்ணி வேற எங்க போவும்? கழுவெளிக்கு இதான் வழி" என்றார் அவர்.

அந்தப் புயல் 2024 நவம்பர் 30-ஆம் தேதி புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. மேற்கே உள்ள ஏரிகள் நிரம்பி வழியும் நீர் கழுவெளிச் சதுப்பில் சேர்ந்து, மரக்காணத்தருகே கடலை அடைகிறது. வெளிநாட்டுப் பறவைகள் வந்து தங்கும் அந்த நீர்ப்பரப்பை 2021-இல் அரசாங்கம் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது.

ஊர் திரும்பியதும் காகிதங்களைத் தேடினேன். வில்லங்கச் சான்றிலே ஒரு வில்லங்கமும் இல்லை. ஆனால் புலப்படத்திலே ஓடை ஒன்று என் மனையின் மூலையைத் தொட்டுக்கொண்டு சென்றது. விசாரித்தபோது, "குழாய் பதித்துத் திருப்பி விடுவோம், ஸார்" என்று பதில் வந்தது. இயற்கையின் மடியில் குடியேறுவதற்கு முதற்காரியம் இயற்கையின் பாதையை அடைப்பதாம்!

அன்று திரும்பும் வழியில் ஆரோவில்லுக்கும் சென்றிருந்தோம். 1968 பிப்ரவரி 28-இல் அந்த நகரத்தைத் தொடங்கியபோது அங்கே பெரும்பகுதி மழையால் அரிக்கப்பட்ட செம்மண் பொட்டல். வந்தவர்கள் முதலில் வரப்புக் கட்டி மழைநீரைத் தேக்கினார்கள். பிறகு மரம் நட்டார்கள். இன்று அங்கே நிற்பது காடு. அந்த நகரத்தில் நிலமோ வீடோ தனிமனிதர் எவருக்கும் சொந்தமில்லை. 1988-ஆம் வருஷத்துச் சட்டப்படி அமைந்த நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கின்றன. தமக்குப் பட்டா இல்லாத மண்ணிலே லட்சக்கணக்கான மரங்களை வளர்த்திருக்கிறார்கள். பட்டா உள்ள நானோ என் மண்ணுக்கு என்ன செய்தேன்?

பனமலையில் தகப்பனார் விட்டுப் போன அரை ஏக்கர் புன்செய், சீமைக் கருவேல் மண்டிக் கிடந்தது. மனை வேண்டாமென்று எழுதிவிட்டேன். முன்பணம் திரும்பவில்லை. அது நான் செலுத்திய பள்ளிக்கூடச் சம்பளம் என்று எண்ணிக் கொள்கிறேன். மிச்சப் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு முள்ளை வெட்டி, வரப்பை உயர்த்தி, வேம்பும் புங்கமும் இலுப்பையும் வைத்தோம்.

நேயர்களில் எவரேனும் கடலோரத்தில் மனை வாங்க எண்ணினால், தடுக்க நான் யார்? ஆனால் பட்டா, வில்லங்கம், மனைப்பிரிவு அங்கீகாரம் இவற்றோடு புலப்படத்தையும் பாருங்கள். கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் கட்டடங்களுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு, அவற்றையும் விசாரியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஐப்பசி அடைமழையில் ஒரு தடவை அந்த இடத்தில் போய் நின்று பாருங்கள்.

எங்கள் ஊரில் மேட்டிலே கோவில் இருக்கிறது, பள்ளத்திலே ஏரி இருக்கிறது. இத்தனை காலம் அதைப் பார்த்துக் கொண்டே இருந்தும் எனக்கு விஷயம் விளங்கவில்லை.

"ஊஞ்சல் எப்போது?" என்று கேட்கிறாள் என் மனைவி. வேம்பு இப்போதுதான் அவள் தோளுயரம் வளர்ந்திருக்கிறது.