அத்தை வீட்டுக் கோழி

கோழியொன்று செத்ததைக் குறித்து எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று இம்மலரைப் புரட்டும் நண்பர் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். அக்கோழியின் பொருட்டு நான் செய்த பிழையொன்று உண்டு. அதனை ஒளியாது சொல்லிவிடவே இதனை எழுதலானேன்.

சென்ற கோடை விடுமுறையைச் சேர்வராயன் மலையிலுள்ள மாரமங்கலத்தில், அத்தை வீட்டில் கழித்தேன். அத்தைக்குச் சிறிது காப்பித் தோட்டமும் புறக்கடையில் ஆறு கோழிகளும் உண்டு. முட்டை விற்ற காசில்தான் வீட்டுக்கு உப்பும் எண்ணெயும் வாங்குவது வழக்கம். அவற்றுள் புள்ளிக்கோழி ஒன்று தை மாதம் முதலே நலிந்து வந்ததாம். இரை எடுக்கும், ஆயினும் உடம்பில் ஒட்டாது. நான் கையில் தூக்கிப் பார்த்தபொழுது மார்பெலும்பு கத்தி முனைபோல் உறுத்திற்று. கொண்டை வெளிறியிருந்தது. கழிச்சல் நின்றபாடில்லை. முட்டையிடுதல் என்றோ ஒழிந்துவிட்டது.

“கண்ணு, நீ பிராணி நூல் படிக்கிறாயே, இதற்கு என்னவென்று பார். எச்சத்தில் அரிசி அரிசியாய் விழுகிறது. தின்றது செரிக்கவில்லை போலும்” என்றாள் அத்தை. நான் தலையசைத்ததோடு சரி.

வெள்ளைக் கழிச்சலோ என்று அண்டை வீட்டுப் பாட்டி ஐயுற்றாள். 1927-ஆம் ஆண்டில் குமாயூன் மலையிலுள்ள ராணிக்கேத்தில் கண்டறியப்பட்டு அவ்வூர்ப் பெயரையே பெற்ற நோய் அது. ஆயின் அது வந்தால் சில நாட்களில் புறக்கடை முழுவதையும் வாரிக்கொண்டு போய்விடும். ஒரே கோழியை நான்கு திங்கள் வைத்து வாட்டுவது அதன் இயல்பன்று. இந்த அளவு நான் சரியாகவே சொன்னேன்.

சித்திரைக் கடைசியில் ஒரு நாட்காலை கோழி செத்துக் கிடந்தது. காப்பிச் செடிகளின் நிழலில் பலகையிட்டு அதனை அறுத்தேன். குடலின் புறத்தே கடுகளவும் மிளகளவுமாகப் பல முடிச்சுகள் தென்பட்டன. கண்டதும் என் உள்ளம் துள்ளிற்று என்பதை நாணத்தோடு ஒப்புக்கொள்கிறேன். நாட்பட்ட மெலிவு, வெளிறிய கொண்டை, குடலில் முடிச்சு: வகுப்பில் கேட்ட பறவைக் க்ஷயத்தின் குறிகள் யாவும் ஒருங்கே அமைந்திருந்தன. க்ஷயமாயின் கல்லீரலிலும் மண்ணீரலிலும் அத்தகைய கட்டிகள் காணப்படுதல் வேண்டும். இவை இரண்டும் மாசற்றிருந்தன. அதனை என் கண் கண்டது, மனம் பொருட்படுத்தவில்லை.

“அத்தை, இது க்ஷயரோகம். இதனோடு ஒரே பஞ்சாரத்தில் அடைந்தவற்றை இனி வைத்திருத்தல் கூடாது. வீட்டில் குழந்தை இருக்கிறது” என்று பெரிய வைத்தியரைப்போல் உரைத்தேன். 1882-இல் காக் என்னும் ஜெர்மானியர் க்ஷயக் கிருமியைக் கண்ட வரலாற்றையும் அவளுக்கு விரித்துச் சொன்னேன். அத்தை ஒன்றும் பேசவில்லை.

குடலின் ஒரு துண்டைக் கல்லூரியில் காட்டும் நோக்கத்தோடு சாராயத்தில் இட்டு வைத்திருந்தேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை. அத்தை சொன்ன அரிசி திடீரென நினைவுக்கு வந்தது. அவ்வீட்டுக் கோழிகளுக்கு இடுவது சாமை நொய்யும் கேழ்வரகுமே, அரிசி ஏது?

விடிந்ததும் அத்துண்டைத் தண்ணீர்த் தட்டிலிட்டுப் பிளந்தேன். வெள்ளை நாடாக்கள் சில சுருண்டு கிடந்தன. ஒன்றை மெல்ல இழுத்தேன், வரவில்லை. அதன் தலை முடிச்சுக்குள்ளேயே புதைந்திருந்தது. நாடாப்புழு! அத்தை கண்ட அரிசி, அப்புழுவினின்று கழன்று விழுந்த கணுக்கள். அக்கணுக்களிலுள்ள முட்டைகளை எறும்பு தின்னும். எறும்பைக் கோழி கொத்தும். புழு குடலில் தலையை ஊன்றி வளரும். அது ஊன்றிய இடமெல்லாம் முடிச்சாகும். கூட்டிய எச்சத்தைப் புறக்கடை எறும்புப் புற்றருகே கொட்டி வந்ததைப் பின்னர் கண்டேன். ஒரு கோழியிடமிருந்து மற்றொன்றுக்கு இது நேரே தொற்றுவதன்று. எறும்பு தின்றவை எவையாயினும் புழு நீக்கும் மருந்து கொடுத்தால் பிழைக்கும்.

தட்டை ஏந்தியவாறே அடுப்பங்கரைக்கு ஓடினேன். அத்தை முந்தின மாலையே, நான் ஓடைக்குக் குளிக்கச் சென்றிருந்த நேரத்தில், அப்பஞ்சாரத்துக் கோழிகள் இரண்டையும் கொன்று புதைத்துவிட்டாள். அவற்றுள் ஒன்று பதினோரு முட்டைகளின்மேல் பதினெட்டாம் நாள் அடையிலிருந்தது.

நான் நிகழ்ந்ததைச் சொன்னேன். அத்தை தட்டை நெடுநேரம் பார்த்தாள். “அரிசி என்று நான் சொன்னேனே, கண்ணு” என்றாள். அவ்வளவே. ஏசியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

கல்லூரி திரும்பியபின் உருப்பெருக்கியில் அப்புழுவின் தலையைப் பார்த்தேன். வட்டமான உறிஞ்சிகள் நான்கு. அவற்றைச் சூழ நுண்ணிய முட்கள். ரெய்லியட்டினா எக்கைனோபோத்ரிடா என்பது அதன் பெயர். அதனால் உண்டாகும் முடிச்சுகளைக் க்ஷயமென மயங்குவதுண்டு என்று நூலில் தெளிவாகவே எழுதியிருந்தது.

அம்முட்டைகளை அத்தை அடுப்பருகே கூடையில் பஞ்சு சுற்றி வைத்திருந்தாள். அண்டை வீட்டுப் பாட்டி அவற்றை எடுத்துப்போய்த் தன் அடைக்கோழியின் கீழ் வைத்தாள். நான்கு பொரித்தன.