செம்மல் என்றால் வாடிய பூவும்தான்

கதை எழுதுகிற ஒருவருக்குச் சிக்கல் ஒரே வரியில். 'மரத்தடியில் வாடிய பூக்கள் கிடந்தன.' இதை ஒரே சொல்லில் சொல்ல வேண்டும். நுனிநாக்கில் நிற்கிறது, வரமாட்டேன் என்கிறது. சொல் தெரிந்தால் அகராதியில் பொருள் பார்க்கலாம். பொருள் மட்டும் கையில் இருந்தால்?

அதற்குத்தான் நிகண்டுகள். திவாகரமும் பிங்கலமும் சொற்களைப் பொருள்வாரியாகத் தொகுத்துவைத்தன. 1732-இல் வீரமாமுனிவர் முடித்த சதுரகராதியின் நான்கு பகுதிகளில் ஒன்று பொருளகராதி: பொருளைத் தேடிப் போனால் அதற்கான சொற்கள் வரிசையாக நிற்கும். ஆங்கிலத்தில் இதே வேலையைச் செய்த ரோஜெட்டின் நூல் வந்தது 1852-இல்!

அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல். பூவின் பருவங்களுக்கே இத்தனை பெயர். உதிர்ந்த பூ வீ, வாடியது செம்மல். மேடையில் தலைவர்களுக்குச் சூட்டுகிறார்களே, அதே செம்மல். (சூட்டுகிறவர்கள் அகராதியைப் புரட்டியிருக்க மாட்டார்கள். அதில் 'தலைமகன்' என்ற பொருளும் உண்டு, பிழைத்தார்கள்.)

ஆனால் கிடைத்த சொல்லை அப்படியே ஒட்டிவிட முடியாது. இன்றைய கதையில் 'வீ கிடந்தது' என்றால் அச்சுப்பிழை என்றே வாசகர் நினைப்பார். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி (1924–1936) சொல்லின் பழைய வாழ்வைக் காட்டும். அது இன்றைக்குப் புழங்குகிறதா என்று பார்க்க, 1992-இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதிதான் கைகொடுக்கும். பொருளோடு எடுத்துக்காட்டு வாக்கியமும் தருகிறது.

எழுத்தாளர் கடைசியில் 'வாடிய பூக்கள்' என்றே விட்டுவிட்டார். சரியான முடிவு.