தோஷிபா வரிசை

2024 மே 26, ஞாயிற்றுக்கிழமை. டோக்கியோ தேசிய விளையாட்டரங்கம். ஜப்பான் ரக்பியின் லீக் ஒன் இறுதியாட்டம். கூட்டம் 56,486. நான் பார்த்துக்கொண்டிருப்பது ஒருவரை.

இரண்டு வரிசை முன்னால் இருக்கிறார். வயது எழுபதைத் தொட்டிருக்கும். சிவப்பு ஜெர்சி பல சலவை கண்டு வெளிறிவிட்டது. நெஞ்சில் கம்பெனியின் பெயர் மட்டும் இன்னும் தெளிவாகத் தெரிகிறது: தோஷிபா. இளைஞர்கள் நான்கைந்து பேர் வருகிறார்கள். உட்காருமுன் ஒவ்வொருவராக அவரை வணங்குகிறார்கள். அவர் தலையை லேசாக அசைக்கிறார். அவரிடம் வேலை பழகியவர்களாக இருக்கவேண்டும்.

டோக்கியோவின் மேற்கே, ஃபுச்சூவில் இருக்கிறது தோஷிபா தொழிற்சாலை. ரயில் எஞ்சின்கள் செய்த இடம். அந்த வளாகத்திலேயே, இன்று இறுதியில் ஆடும் கம்பெனி அணியின் பயிற்சி மைதானமும். அருகே ஒரு நீண்ட சிறைச்சாலை மதில். 1968 டிசம்பரில், இந்தத் தொழிலாளர்களுக்குப் போய்ச் சேரவேண்டிய போனஸ் பணத்தை, ஏறக்குறைய 30 கோடி யென்னை, அந்த மதிலோரத்தில்தான் காரோடு ஓட்டிக்கொண்டு போனான் போலீஸ் வேடத்தில் வந்த ஒருவன். இன்றுவரை அகப்படவில்லை. முன்னால் இருக்கும் பெரியவர் வேலைக்குச் சேர்ந்தபோது மூத்தவர்கள் முதலில் சொன்ன கதை அதுவாக இருந்திருக்கும்.

எதிரே நீலச் சட்டையில் சைட்டமா வைல்டு நைட்ஸ். பானசோனிக் கம்பெனியின் அணி. லீக் சுற்றில் 16 ஆட்டம், பதினாறிலும் வெற்றி. தோஷிபா கோப்பையைத் தொட்டு 14 வருடம் ஆகிறது.

சிவப்பு அணியில் நியூசிலாந்தின் ரிச்சி மொவுங்கா இருக்கிறார். உலகக் கோப்பை இறுதியில் ஆடிவிட்டு வந்தவர். பதினைந்து வயதில் படிப்புக்காக நியூசிலாந்திலிருந்து சப்போரோவுக்கு வந்து ஜப்பானியராகவே ஆகிவிட்ட மைக்கேல் லீச் கேப்டன். 2011 முதல் அவருக்கு இந்தக் கம்பெனி அணிதான். இவர்களுக்குத் தோள்கொடுத்து, இரு அணியினரும் தோள் பிணைத்துத் தள்ளும் ஸ்க்ரமில் முட்டுபவர்களில் தோஷிபா ஊழியர்களும் உண்டு. காலையில் அலுவலகம், பிறகு பயிற்சி. பெரியவர் மொவுங்காவுக்குக் கைதட்டுகிறார். ஆனால் ஸ்க்ரம் விழும்போதெல்லாம் அவர் தோள்களும் சேர்ந்து இறுகுகின்றன.

கம்பெனியின் கதை தெரிந்தவர்களுக்கு இந்த வரிசையைப் பார்க்கவே மனம் கனக்கும். 2015-ல் கணக்கு மோசடி அம்பலமானது. அமெரிக்க அணு உலைத் தொழிலில் பெருநஷ்டம். தொலைக்காட்சி, லேப்டாப், மெமரி சிப் எல்லாம் கைமாறின. 74 வருடம் பங்குச்சந்தையில் இருந்த பெயர் 2023 டிசம்பரில் அங்கிருந்தும் போனது. பத்து நாளைக்கு முன்புதான் இன்னொரு அறிவிப்பு: ஜப்பானில் 4,000 பேர் வரை வேலை குறைப்பு. பெரியவரை வணங்கிவிட்டு உட்கார்ந்த பையன்களில் யாருடைய பெயர் அதில் இருக்குமோ. கம்பெனி அணி என்றால் நடமாடும் விளம்பரப் பலகை என்று நினைப்பவர்கள் இவர்கள் முகத்தை ஒருமுறை பார்க்கவேண்டும்.

ஆட்டம் முடியும் தறுவாயில் தோஷிபா 24, சைட்டமா 20. நீலச் சட்டைகள் கோட்டைத் தாண்டிப் பந்தைப் பதிக்கிறார்கள். ட்ரை! அரங்கமே எழுகிறது. பெரியவர் எழவில்லை. முழங்காலில் ஊன்றிய கைகள் அப்படியே இருக்கின்றன.

நடுவர் காதில் விரலை வைத்துக்கொண்டு நிற்கிறார். பெரிய திரையில் அதே காட்சி மெதுவாக, திரும்பத் திரும்ப. ரக்பியில் பந்தைக் கையால் முன்பக்கம் வீசக்கூடாது. பக்கவாட்டில் அல்லது பின்னால்தான். ட்ரைக்கு முந்தைய பாஸ் ஒன்று முன்னால் போயிருக்கிறது. ட்ரை செல்லாது.

ஒரு பையன் அவர் தோளைப் பிடித்து உலுக்குகிறான். அவர் கடிகாரத்தைக் காட்டி அவனை உட்காரவைக்கிறார். இன்னும் ஆட்டம் இருக்கிறது.

விசில். அதே 24–20.

இப்போது எழுகிறார். இருக்கை முதுகைப் பிடித்து, நிமிர்ந்து, வாயருகே இரு கைகளையும் குவித்துக்கொள்கிறார். அணியின் முழுப் பெயர் தோஷிபா பிரேவ் லூபஸ் டோக்கியோ. அவர் முதல் பெயரை மட்டும் கூப்பிடுகிறார். குரல் உடைகிறது. மறுபடி கூப்பிடுகிறார். பையன்கள் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கைதட்டாகச் சேர்ந்துகொள்கிறார்கள்: தோ, ஷி, பா! தோ, ஷி, பா!