கதவு திறந்தால் என்ன எழுதிக்கொள்வது?

நியூயார்க்கில் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்கிறவர்களுக்கு முதல் பாடம் பேச்சில் இல்லை, நிற்பதில். கதவைத் தட்டிவிட்டு இரண்டடி பின்னால் வந்து நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர் கதவுத் துளை வழியாகப் பார்க்கும்போது முகம், சட்டையில் குத்திய வேட்பாளர் வில்லை, கையிலிருக்கும் துண்டறிக்கை மூன்றும் தெரிய வேண்டும். கதவோடு ஒட்டி நின்றால் தெரிவது ஒரு மூக்குதான். அதை நம்பி யார் திறப்பார்கள்?

2025 ஜூனில் அந்நகரின் குயின்ஸ் பகுதியில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது இந்தப் பாடத்தைக் கேட்டேன். நடத்தியவருக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். வாரநாட்களில் பள்ளி ஆசிரியை, சனி ஞாயிறுகளில் மேயர் வேட்பாளர் சோரான் மம்தானியின் பிரசாரத்தில் ஒரு குழுவுக்குத் தலைவி. ஃப்ளஷிங்கில் ஒரு தெருமுனைப் பூங்காவில் முப்பது நாற்பது பேர் கூடியிருந்தார்கள். மேடை இல்லை, மைக் இல்லை, கொடி இல்லை, சாப்பாட்டுப் பொட்டலமும் இல்லை. தண்ணீர் பாட்டில் மட்டும் இருந்தது. பெரும்பாலோர் சம்பளம் வாங்காதவர்கள். எனக்கு அங்கே ஓட்டு இல்லை. வேட்பாளர்களின் கொள்கைகளை எடைபோடவும் நான் போகவில்லை. கதவு தட்டும் வேலை அந்த முகாமில்தான் மும்முரமாக நடந்தது, அதனால் அவர்களோடு போனேன்.

நம் ஊர் வாசகருக்கு ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். சென்னையில் மக்கள் மேயருக்கு நேரடியாக ஓட்டுப் போட்டது 2011இல்தான் கடைசி. 2022இல் பிரியாவை மேயராகத் தேர்ந்தெடுத்தது கவுன்சிலர்கள். நியூயார்க்கில் மேயர் பதவிக்கு மக்களே இரண்டு முறை ஓட்டுப் போடுகிறார்கள். ஜூனில் கட்சிக்குள் நடக்கும் முதல்நிலைத் தேர்தல், நவம்பரில் பொதுத்தேர்தல். நகரத்துப் பதிவு வாக்காளர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஜனநாயகக் கட்சிக்காரர்கள். ஆகவே அந்தக் கட்சியின் ஜூன் தேர்தலில் ஜெயித்தவரே பெரும்பாலும் மேயர். 2021இல் எரிக் ஆடம்ஸ் அப்படித்தான் வந்தார். கேத்ரின் கார்சியாவை அவர் ஜூனில் முந்தியது வெறும் 7,197 ஓட்டில். எண்பது லட்சத்துக்கு மேல் ஜனம் வாழும் ஊரில் நான்கு வருட ஆட்சியைத் தீர்மானித்த வித்தியாசம் அது. கதவு தட்டுகிறவர்கள் எல்லோரும் இந்த எண்ணை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்.

குழுத்தலைவி எங்கள் கைபேசியில் ‘மினிவேன்’ என்ற செயலியைத் திறந்து ஓர் எண்ணைக் கொடுத்தார். வரைபடத்தில் சில தெருக்கள், அவற்றில் கட்டடங்கள், கட்டடத்துக்குள் வீட்டு எண்கள், ஒவ்வொன்றுக்கும் பெயர், வயது, கட்சி. இதை ‘டர்ஃப்’ என்கிறார்கள், இருவர் ஒரு மதியத்தில் நடந்து முடிக்கக்கூடிய பரப்பு. கட்டடத்தில் நூறு வீடு இருந்தாலும் பட்டியலில் இருபதுதான் இருக்கும். வாக்காளர் பதிவேடு அங்கே வேட்பாளர்களுக்குக் கிடைக்கும் ஆவணம். ஒருவர் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பது அதில் இருக்காது, எந்தெந்தத் தேர்தலில் போட்டார் என்பது இருக்கும். அதைச் சலித்து எடுத்த பட்டியல்தான் கையில் வருகிறது. மிச்ச எண்பது கதவை அந்த மதியம் யாரும் தொடப்போவதில்லை.

என்னோடு ஜோடி சேர்ந்தவர் வங்கதேசத்தில் பிறந்த, ஓய்வுபெற்ற டாக்ஸி ஓட்டுநர். எல்லோரையும் ‘பாய்’ என்றுதான் கூப்பிடுவார், பெண்களைத் தவிர. மஞ்சள் டாக்ஸிக்கான மெடாலியன் உரிமம் 2014 வாக்கில் பத்து லட்சம் டாலர் வரை விலைபோனது, பிறகு சரிந்தது. கடன் வாங்கி உரிமம் எடுத்த ஓட்டுநர்கள் மூழ்கினார்கள். 2021இல் கடன் நிவாரணம் கேட்டு நகரமன்றத்தின் முன் நடந்த உண்ணாவிரதத்தில் அப்போது மாநிலச் சட்டமன்ற உறுப்பினராயிருந்த மம்தானி 15 நாள் உட்கார்ந்தார். “அந்த ஆளுக்காக ரெண்டு மாடி ஏற மாட்டேனா பாய்?” என்றார் இவர். ஏறவில்லை, இறங்கினார். அதுதான் வேலை தெரிந்தவர்கள் செய்வது. லிஃப்டில் உச்சி மாடிக்குப் போய், ஒவ்வொரு தளமாகத் தட்டிக்கொண்டே படியில் இறங்குவார்கள்.

ஆனால் அதற்கு முன் கட்டடத்துக்குள் நுழைந்தாக வேண்டும். வாசல் பூட்டியிருக்கும். வெளியே வரிசையாக அழைப்பு மணிப் பொத்தான்கள். பட்டியலில் உள்ள வீட்டை அழுத்தினால் யாரும் எடுப்பதில்லை. ‘பாய்’ அழுத்தவே இல்லை. நிழலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மளிகைப் பைகளோடு ஒரு சீனப் பாட்டி வந்தார். ‘பாய்’ கதவைப் பிடித்துக்கொண்டார், பையை வாங்கி லிஃப்ட் வரை கொண்டுபோய்க் கொடுத்தார். உள்ளே வந்துவிட்டோம். இதை எந்தக் கையேடும் எழுதாது என்று நினைக்கிறேன். இன்னொரு விதி கையேட்டிலேயே இருக்கிறது: தபால் பெட்டிக்குள் துண்டறிக்கை போடக் கூடாது, மத்திய அரசின் சட்டப்படி குற்றம். கதவிடுக்கில்தான் செருக வேண்டும். தெருவிளக்குக் கம்பத்தில் சுவரொட்டி ஒட்டவும் தடை. நம் சுவர்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, தேர்தல் நடக்கிற ஊராகவே அது தெரியவில்லை.

பத்துக் கதவு தட்டினால் இரண்டு மூன்று திறக்கும். திறந்தால் என்ன சொல்வது என்பதற்கு ஒரு பக்க வசனம் கொடுத்திருந்தார்கள். வாடகைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட ஏறத்தாழ பத்து லட்சம் வீடுகளின் வாடகையை ஏற்றாமல் நிறுத்துவது, கட்டணமில்லாத பேருந்து, குழந்தைப் பராமரிப்பு. ‘பாய்’ அதை மடித்துப் பையில் போட்டுவிட்டார். “வாடகை எவ்வளவு கட்டறீங்க?” இதுதான் அவருடைய முதல் கேள்வி. அதற்குப் பிறகு எதிரில் இருப்பவர்தான் பேசினார்.

ஐந்தாம் மாடியில் ஒரு பெரியவர் கதவைத் திறந்ததுமே, தன் ஓட்டு ஆண்ட்ரூ கோமோவுக்கு என்றார். லாகார்டியா விமான நிலையத்தைப் புதிதாகக் கட்டிய கவர்னர், கொரோனா காலத்தில் தினமும் தொலைக்காட்சியில் வந்து பேசியவர், அனுபவஸ்தர். நான் ஒரு வாதத்துக்குத் தயாராக வாயைத் திறந்தேன். ‘பாய்’ என் முழங்கையைத் தொட்டார். பெரியவருக்கு நன்றி சொன்னார். பிறகு, “இரண்டாவது இடத்தில் யாரை எழுதப்போகிறீர்கள்?” என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு அந்த ஊரின் வாக்குச்சீட்டுதான் காரணம். 2019இல் மக்கள் வாக்கெடுப்பில் ஏற்றுக்கொண்டு, 2021இல் மேயர் பதவிக்கான முதல்நிலைத் தேர்தலுக்குப் பயன்பட்ட முறை: ஐந்து பேர் வரை விருப்ப வரிசையில் குறிக்கலாம். கடைசி இடத்துக்காரர் விலக்கப்பட, அவருடைய ஓட்டு அந்தச் சீட்டில் அடுத்து இருப்பவருக்குப் போகும். ஆகவே எதிராளியின் ஆதரவாளரை வைதுவிட்டு வர முடியாது. அவருடைய இரண்டாமிடம் தேவைப்படலாம். வேட்பாளர்களும் அப்படித்தான் நடந்துகொண்டார்கள். மம்தானியும் பிராட் லேண்டரும் ஜூனில் ஒருவருக்கொருவர் ஆதரவு அறிவித்து, எங்கள் இருவரையும் முதலிரண்டு இடங்களில் எழுதுங்கள் என்றார்கள். நம் ஊரில் தனித்தனியாக நிற்கும் இருவர் இப்படிச் சொன்னால் இரண்டு மாவட்டச் செயலாளர்களும் கட்சியை விட்டுப் போயிருப்பார்கள்.

பெரியவர் இரண்டாமிடம் எதுவும் சொல்லவில்லை. கதவு சாத்தியதும் ‘பாய்’ செயலியில் 5 என்று பதிந்தார். ஒன்று என்றால் உறுதியான ஆதரவு, மூன்று என்றால் இன்னும் முடிவெடுக்காதவர், ஐந்து என்றால் எதிர். “வாதாடினா அவர் மனசு மாறாது. கோபத்துல, தேர்தல் நாளான இருபத்துநாலாம் தேதி காலையில முதல் ஆளாப் போய் நிப்பார்” என்றார்.

அந்த 5தான் இந்தத் தொழிலின் உயிர் என்று எனக்குப் பட்டது. புதியவர்கள் தவறுவது பேச்சில் அல்ல, இந்த எண்ணில். கதவைத் திறந்து சிரித்து, தலையாட்டி, துண்டறிக்கையை வாங்கிக்கொண்டவரை ஒன்று என்று பதிந்துவிடுவார்கள். அவர் மரியாதைக்குச் சிரித்தவர். உண்மையில் மூன்று, சில சமயம் நான்கு. கடைசி வாரத்தில் முகாம் போய்த் தட்டுவது இந்த ஒன்றுகளையும் இரண்டுகளையும்தான். பொய்யான ஒன்றுகள் நிறைந்த பட்டியல் எதிராளிக்கு ஆள் அனுப்பிவைக்கும். மாலையில் குழுத்தலைவி எல்லோருடைய எண்களையும் பார்த்தார். ஒரு கல்லூரி மாணவரின் பட்டியலில் ஒன்றுகள் மட்டுமே இருந்தன. “உங்களுக்கு இன்று யாருமே முகத்தைச் சுளிக்கவில்லையா?” என்று கேட்டார். அவ்வளவுதான். மறுநாள் அந்தப் பையனை ‘பாய்’யுடன் அனுப்பினார்.

வாதாடினால் மனசு மாறாது என்று ‘பாய்’ சொன்னதையேதான் ஆய்வாளர்களும் ஏறத்தாழக் கண்டிருக்கிறார்கள். ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன் இருவரும் 1998இல் நியூஹேவன் நகரத்தில் ஏறத்தாழ 30,000 வாக்காளர்களிடம் செய்த சோதனையில், நேரில் வந்து கேட்டால் ஓட்டுப் போட வருவது கணிசமாகக் கூடியது. தொலைபேசி அழைப்பால் பயனில்லை. வருவது கூடியது, மனம் மாறுவது அல்ல. பொதுத்தேர்தல்களில் பிரசாரம் மனதை மாற்றுகிறதா என்று 49 களச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த ஜோஷுவா கல்லா, டேவிட் புரூக்மன் இருவரும் கண்ட சராசரி விளைவு பூஜ்யம். கட்சிச் சின்னம் இருக்கும் நவம்பரைப் பற்றிய முடிவு அது. ஒரே கட்சிக்குள் பலர் நிற்கும் ஜூனில் கொஞ்சம் இடமுண்டு. இருந்தாலும், கதவு தட்டும் வேலை மதம் மாற்றும் வேலை அல்ல. யார் நம்மவர் என்று தெரிந்துகொண்டு அவரைச் சாவடிக்கு வரவைக்கும் வேலை.

போன் தெருவில், 1977இல் குடமுழுக்கு நடந்த பிள்ளையார் கோவிலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு கதவில் தமிழ்ப் பெயர் வந்தது. ‘பாய்’ என்னை முன்னால் தள்ளிவிட்டார். அறுபதைத் தாண்டிய அம்மா.

“யாருப்பா, கோவில்ல இருந்தா?”

“இல்லம்மா, எலெக்‌ஷனுக்கு.”

“நீ எந்த ஊரு தம்பி?”

மாயவரம் என்றேன். கதவுச் சங்கிலி கழன்றது. இங்கே குடியுரிமை வாங்கி வெகுகாலம் ஆகிறதாம். நவம்பரில் தவறாமல் ஓட்டுப் போடுவாராம். “ஜூன்ல என்னப்பா எலெக்‌ஷன்? அது கட்சிக்காரங்க விஷயம்தானே?” அவர் பதிவு ஜனநாயகக் கட்சியில் இருந்தது, ஆகவே பட்டியலில் வந்தார், ஆகவே தட்டினோம். 7,197ஐச் சொன்னேன். குயின்ஸில் வாக்குச்சீட்டு வங்காளத்தில்கூட இருக்கிறது, தமிழில் இல்லை. ஐந்து வரிசையையும் வட்டத்தை நிரப்புவதையும் துண்டறிக்கையின் பின்பக்கத்தில் பேனாவால் வரைந்து காட்டினேன். யாருக்குப் போடுவார் என்று கடைசிவரை சொல்லவில்லை. “பார்க்கலாம் தம்பி” என்றார். மூன்று என்று பதிந்தேன். முன்கூட்டியே வாக்களிக்கும் ஒன்பது நாட்களில் எதற்கு வர முடியும் என்று ‘பாய்’ என் மூலம் கேட்டார். “ஞாயித்துக்கெழமை, கோவில் முடிச்சுட்டு” என்றார். ‘பாய்’ அதையும் எழுதிக்கொண்டார். நாளும் நேரமும் தன் வாயால் சொன்னவர் வருவார் என்பது அவர் கணக்கு.

அதே கட்டடத்தின் லிஃப்டில் இன்னொரு தமிழர், முப்பத்தைந்து வயதுக்காரர். எங்கள் வில்லையைப் பார்த்து அவராகவே பேசினார். எல்லா வேட்பாளர்களின் விவாதத்தையும் பார்த்திருக்கிறார், ஓட்டுப் போடத் துடிக்கிறார். பட்டியலில் தேடினோம், பெயரே இல்லை. “கட்சி எதுவும் வேணாம்னு அந்தக் கட்டத்தைக் காலியா விட்டுட்டேன்” என்றார். நியூயார்க்கில் கட்சியில் பதியாதவருக்கு முதல்நிலைத் தேர்தலில் ஓட்டு இல்லை. அப்படிப்பட்டவர்கள் நகரத்தில் பத்து லட்சத்துக்கும் மேல். விஷயம் தெரிந்தவர், ஆர்வமுள்ளவர், அவருடைய கதவை எந்த முகாமும் தட்டாது. இந்த முறையின் பெரிய ஓட்டை இதுதான் என்று நான் நினைக்கிறேன். திறமையான தொழிலாளிகளால் அதை அடைக்க முடியாது.

தேர்தல் நாளான ஜூன் 24 அன்று வெயில் 37 டிகிரியைத் தாண்டியது. சாவடியிலிருந்து 100 அடிக்குள் பிரசாரம் கூடாது. அந்த எல்லைக்கு வெளியே தன்னார்வலர்கள் குடை பிடித்துக்கொண்டு, வருகிறவர்களுக்கு நினைவூட்டினார்கள். கோமோவுக்கு ஆதரவாகத் தனிக்குழு ஒன்று விளம்பரங்களில் 2 கோடி டாலருக்கு மேல் செலவழித்திருந்தது. கருத்துக்கணிப்புகளில் பெரும்பாலானவை அவரையே முன்னால் காட்டின. முதல் சுற்றில் மம்தானி 43 சதவீதத்தைத் தாண்டினார், கோமோ 36. விருப்ப வரிசை எண்ணி முடித்தபோது 56க்கு 44. நவம்பர் 4 பொதுத்தேர்தலில் 20 லட்சத்துக்கு மேல் ஓட்டு விழுந்தது, 1969க்குப் பிறகு முதல்முறையாக. மம்தானி ஜெயித்து 2026 ஜனவரி 1 அன்று பதவியேற்றார்.

கதவு தட்டியதால்தான் ஜெயித்தார் என்று சொல்லிவிட முடியாது. அவருடைய காணொளிகளும் கோமோ மீதான பழைய புகார்களும் வாடகையும் சேர்ந்துதான் செய்தன. ஜூனில் நகரத்தின் பிராங்ஸ் பகுதியில் கோமோதான் முந்தினார் என்பதையும் மறக்கக் கூடாது. தன்னார்வலர்கள் நிறைய இருக்கும் இடமும் ஓட்டு நிறைய இருக்கும் இடமும் ஒன்றல்ல.

நியூயார்க்கில் குடியுரிமை பெற்ற தமிழர்கள் இதை வாசித்தால் ஒரு வேண்டுகோள். அடுத்த மேயர் தேர்தல் 2029இல். ஏற்கெனவே பதிந்தவர் கட்சியை மாற்றவோ புதிதாகச் சேர்க்கவோ விரும்பினால், அந்த வருடம் பிப்ரவரி 14க்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். எந்தக் கட்சி என்பது உங்கள் விருப்பம். கட்டத்தைக் காலியாக விடாதீர்கள்.