நாஸா சொன்ன மழை

ஊருக்கு உபதேசம் செய்வதே என் உத்தியோகம். பத்திரிகை ஆபீஸில் வேலை. ஆகையால் இந்தக் கதையைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

2015-ம் வருஷம், நவம்பர் மாதம். சென்னையில் மழை விட்டபாடில்லை. ஒரு நாள் காலை, கையில் இருந்த காப்பி ஆறுவதற்குள் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்து விழுந்தது. 'எல் நினோ' என்று ஒரு புயல் வருகிறதாம். இரண்டே நாளில் 250 சென்டிமீட்டர் மழை கொட்டப் போகிறதாம். சொன்னது அமெரிக்காவின் நாஸாவாம்! 'உங்களுக்கு வேண்டியவர்கள் எல்லோருக்கும் அனுப்புங்கள்' என்று கடைசியில் ஒரு கட்டளை வேறு. எனக்கு மட்டும் வேண்டியவர்கள் இல்லையா, என்ன? அனுப்பினேன். கீழ்வீட்டு மாமிக்கு நேரிலேயே போய்ப் படித்துக் காட்டினேன்.

சைதாப்பேட்டையில், அடையாற்றுக்குச் சமீபத்தில் எங்கள் வீடு. மாமிக்கு அப்போது எழுபது வயசு, தனிக்கட்டை. பாவம், அரிசி பருப்பையெல்லாம் பரண்மேல் ஏற்றிவிட்டு, அன்றிரவே பஸ் ஏறித் திருச்சியில் பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டார். சொன்ன நாள் வந்தது, போயிற்று. பிரளயம் வரவில்லை. மாமிதான் திரும்பி வந்தார், முழங்கால் வலியோடு.

டிசம்பர் 1-ம் தேதி மாலை நான் ஆபீஸில் இருந்தேன். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து தண்ணீரை அதிகமாகத் திறந்துவிடுகிறார்கள் என்று செய்தி வந்தது. பதறிப்போய் மாமிக்குப் போன் செய்தேன்.

"மாமி, எங்கள் வீட்டுச் சாவி உங்களிடம் இருக்கிறதே, உடனே மாடிக்குப் போய்விடுங்கள். ஆற்றில் வெள்ளம் வருகிறது."

மாமி சிரித்தார். "ஏண்டியம்மா, இதுவும் அந்த நாஸா சொன்னதுதானா?"

எனக்கு வாய் அடைத்துப் போயிற்று.

அன்றிரவு ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் வெளியேறியது. மறுநாள் காலை கணக்கெடுத்தபோது, தாம்பரத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. மாமி கண் விழித்தபோது தண்ணீர் கட்டிலைத் தொட்டுக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுப் பிள்ளைகள் இருவர் இடுப்பளவு தண்ணீரில் வந்து அவரைத் தூக்கி மாடியில் சேர்த்தார்கள். உயிர் பிழைத்தது. காலமான மாமாவின் ஒரே புகைப்படம் பிழைக்கவில்லை.

பிற்பாடு அந்தப் பழைய செய்தியை எடுத்து நிதானமாகப் படித்தேன். சென்னையில் ஒரு வருஷம் முழுவதும் பெய்வதே சுமார் 140 சென்டிமீட்டர்தான். ஏறக்குறைய இரண்டு வருஷத்து மழை இரண்டு நாளில் பெய்யுமா? எல் நினோ என்பது புயலே அல்ல. பசிபிக் சமுத்திரத்தின் மேல்மட்டத் தண்ணீர் வழக்கத்துக்கு மேல் சூடாவதற்குப் பெயர். நம் ஊர் மழையைச் சொல்ல நுங்கம்பாக்கத்தில் வானிலை ஆய்வு மையம் இருக்கும்போது, நாஸா எதற்கு? அதே மழைக்காலத்தில்தான், வடநெம்மேலி முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்றும் ஊரெல்லாம் புரளி. ஒன்றுகூடத் தப்பவில்லை என்று பண்ணைக்காரர்களே சொல்ல வேண்டியதாயிற்று.

பொய்ச் செய்தியால் வரும் வீண் பயம் இரண்டு நாளில் தீர்ந்துவிடும், சகோதரிகளே. ஆனால் நாளைக்கு நிஜமான எச்சரிக்கை வந்தால், அதற்கு மரியாதை இல்லாமல் போய்விடுகிறது. நஷ்டம் அங்கேதான். அதனால் இப்போதெல்லாம் மழை, புயல், குடிநீர், காற்று என்று எதைப் பற்றிச் செய்தி வந்தாலும் மூன்று கேள்வி கேட்கிறேன். யார் சொன்னது, அதைச் சொல்வது அவர்கள் வேலைதானா? எப்போது சொன்னது? படம் இருந்தால், அது இந்த வெள்ளத்துப் படமா, என்றைக்கோ வந்த வெள்ளத்துப் படமா? சொல்லும் கணக்கு நடக்கக்கூடியதா? மூன்றுக்கும் பதில் கிடைக்காவிட்டால் அந்தச் செய்தி என்னோடு நின்றுவிடும்.

மாமிக்கு இப்போது எண்பது வயசு. நான் ஏதாவது செய்தி கொண்டுபோனால், மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "முதலில், யார் சொன்னது? அதைச் சொல்லு" என்கிறார்.

அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.