சம்பளம் புள்ளிக்கு, ஆண்டு வேலைக்கு

எங்கள் ஃபேன்டஸி லீகில் ஓர் ஆட்டக்காரரை எடுத்தால் தாளில் இரண்டு எண்களை எழுத வேண்டும். அவருக்கு ஆண்டுச் சம்பளம் எவ்வளவு என்பது ஒன்று. எத்தனை ஆண்டுக்கு ஒப்பந்தம் என்பது இன்னொன்று. முதல் எண்ணை ஏலம் முடிவு செய்துவிடும், இரண்டாவதை நாமேதான் முடிவு செய்ய வேண்டும். புதிதாகச் சேருகிறவர்கள் முதல் எண்ணுக்காக மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்வார்கள். ஓர் அணியைத் தூக்கி நிறுத்துவதும் படுக்கவைப்பதும் இரண்டாவது எண்தான் என்பது பல சீசன்களாக இதில் ஊறிய எனக்குத் தெரிந்த பாடம்.

ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பாலை மெல்பர்னில் எல்லோரும் 'ஃபுட்டி' என்றே சொல்வார்கள். முட்டை வடிவப் பந்து, அதே வடிவ மைதானம், களத்தில் பக்கத்துக்கு 18 பேர். ஏ.எஃப்.எல். போட்டியில் இப்போது 18 கிளப்புகள் ஆடுகின்றன. மார்ச்சில் தொடங்கும் சீசன் செப்டம்பர் கடைசியில் எம்.சி.ஜி. மைதானத்தில் இறுதிப் போட்டியோடு முடியும். அந்த நிஜ ஆட்டத்தின் புள்ளிவிவரங்களை வைத்து நாங்கள் ஆடுவதுதான் ஃபேன்டஸி ஆட்டம். ஏ.எஃப்.எல். ஃபேன்டஸி கணக்கில் ஒரு கிக்குக்கு 3 புள்ளி, முஷ்டியால் குத்திக் கொடுக்கும் ஹேண்ட்பாலுக்கு 2, உதைத்த பந்தை விழாமல் பிடிக்கும் மார்க்குக்கு 3, எதிராளியை மடக்கிப் பிடிக்கும் டேக்கிளுக்கு 4, கோலுக்கு 6, கோலைத் தவறவிட்டு ஓரக் கம்பத்துக்குள் போகும் பிஹைண்டுக்கு 1, நடுவர் போடும் பந்தைக் குதித்துத் தட்டிவிடும் ரக் ஆட்டக்காரரின் ஹிட்அவுட்டுக்கு 1. ஃப்ரீ கிக் கொடுத்துவிட்டால் 3 புள்ளி கழியும். நல்ல மிட்ஃபீல்டர் ஒருவர் ஒரு நாளில் 18 கிக், 10 ஹேண்ட்பால், 6 மார்க், 5 டேக்கிள், ஒரு கோல் எடுத்து, இரண்டு ஃப்ரீ கிக் கொடுத்தார் என்றால் 112 புள்ளி. நூறைத் தாண்டினால் நல்ல நாள்.

பெரும்பாலான ஃபேன்டஸி லீகுகளில் ஒவ்வொரு ஆண்டும் பழைய அணியைக் கலைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவார்கள். எங்களுடையது கலைவதில்லை. பன்னிரண்டு அணிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சம்பள உச்சவரம்பு, ஓராண்டு முதல் நான்காண்டு வரை ஒப்பந்தம். நான்காண்டு ஒப்பந்தம் ஓர் அணிக்கு ஒரே நேரத்தில் இரண்டுதான். ஒப்பந்தம் முடியுமுன் ஒருவரை விடுவித்தால், மீதி ஆண்டுகளுக்கு அவர் சம்பளத்தில் பாதி நம் கணக்கிலேயே உட்கார்ந்திருக்கும். 80 டாலருக்கு நான்கு ஆண்டு எழுதி, இரண்டாம் ஆண்டின் முடிவில் அனுப்பினால், அடுத்த இரண்டு ஆண்டும் தலா 40 டாலர் ஆளில்லாமல் போகும். அந்த நாற்பதில் நல்ல இளைஞர்கள் இரண்டு பேரை எடுத்திருக்கலாம்.

இந்த விதிகளுக்கெல்லாம் மூலம் நிஜ ஆட்டத்திலேயே இருக்கிறது. ஏ.எஃப்.எல். விக்டோரியப் போட்டி என்ற பெயரில் இருந்த காலத்தில், பணமுள்ள கிளப்புகள் நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் வாரிக்கொண்டு போவதைத் தடுக்க 1986இல், கிளப்புகள் முறைவைத்துப் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் வந்தது, 1987இல் சம்பள உச்சவரம்பு வந்தது. நீண்ட காலம் ஒரே கிளப்பில் ஆடியவர் தன் விருப்பப்படி மாறலாம் என்ற உரிமை 2012இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதில் ஒருவகையினருக்கு வெளியிலிருந்து வரும் தொகையைப் பழைய கிளப்பும் கொடுத்து அவரைத் தக்கவைத்துக்கொள்ளலாம். ஐ.பி.எல். ஏலத்தில் 'ரைட் டு மேட்ச்' பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். எங்கள் லீகில் நாம் டிராஃப்டில் எடுத்து வளர்த்த இளைஞர்களுக்கு மட்டும் அந்த உரிமை உண்டு.

இனி அந்த இரண்டாவது எண்ணுக்கு வருகிறேன். சம்பளம் என்பது ஒருவர் எடுக்கும் புள்ளிக்குக் கொடுப்பது. ஆண்டு என்பது அணியில் அவர் பார்க்கும் வேலைக்குக் கொடுப்பது. திறமை மெதுவாகத்தான் தேயும். வேலை ஒரே வாரத்தில் போய்விடும்.

வேலை என்று எதைச் சொல்கிறேன்? ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் ஆட்டம் நடுவட்டத்திலிருந்து மறுபடி தொடங்கும். அப்போது ஓர் அணியிலிருந்து நான்கு பேர்தான் நடுச்சதுரத்துக்குள் நிற்கலாம்: ஒரு ரக், மூன்று மிட்ஃபீல்டர்கள். அந்த நால்வரில் ஒருவராக அடிக்கடி நிற்பவர் கையில் பந்து தானாக வந்து சேரும். அதே ஆளை ஓரத்தில் விங்குக்கோ முன்வரிசைக்கோ நகர்த்தினால் வாரத்துக்கு இருபது புள்ளி காணாமல் போகலாம். பின்வரிசையில் இன்னொரு நல்ல வேலை இருக்கிறது. எதிரணி பிஹைண்ட் அடித்ததும் பந்தை மறுபடி ஆட்டத்துக்குள் அனுப்பும் கிக்-இன். கோல் சதுரத்தை விட்டு வெளியே வந்து உதைத்தால் அது ஒரு கிக்காகப் பதிவாகும். அந்தப் பொறுப்பு யாரிடம் இருக்கிறது என்பதை ஆட்டத்துக்கு ஆட்டம் குறித்துவைப்பேன்.

இதற்கு ப்ரோடி கிரண்டியைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. 2018, 2019 இரண்டு ஆண்டும், சீசனின் சிறந்த ஆட்டக்காரர்களைக் கொண்ட ஆல்-ஆஸ்திரேலியன் அணியில் இடம்பெற்ற ரக் அவர். ஃபேன்டஸி ஆடுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எழுதும் பெயர். 2020 தொடக்கத்தில் காலிங்வுட் அவரோடு ஏழாண்டு ஒப்பந்தம் போட்டது. 2022 முடிவில் அவர் மெல்பர்ன் கிளப்புக்கு மாற்றப்பட்டார். அங்கே ஏற்கெனவே மேக்ஸ் கான் என்ற மிகப் பெரிய ரக் இருந்தார். ஒரு வேலைக்கு இரண்டு பேர். 2023 சீசனின் பிற்பாதியில் கிரண்டி முதல் அணியிலிருந்தே நீக்கப்பட்டு, கீழ்நிலைப் போட்டியில் ஆடினார். அந்த ஆண்டு முடிவில் சிட்னிக்குப் போனார். அங்கே முதன்மை ரக் வேலை அவருக்கே கிடைத்தது, 2024இல் இறுதிப் போட்டி வரை போன அணியின் தூண்களில் ஒருவரானார். இத்தனைக்கும் அவர் உயரம் குறையவில்லை, குதிப்பும் குறையவில்லை. மாறியது அவர் நின்ற இடம் மட்டும்தான். அவரை வைத்திருந்த ஃபேன்டஸி அணிகளின் தலையெழுத்து அதோடு மூன்று முறை மாறியது.

இதன் மறுபக்கம் டாம் மிட்சல். 2018 முதல் சுற்றில் ஒரே ஆட்டத்தில் 54 முறை பந்தைக் கையாண்டு சாதனை படைத்தார், போட்டியின் சிறந்த ஆட்டக்காரருக்கான அந்த ஆண்டின் பிரௌன்லோ பதக்கமும் வாங்கினார். 2019 ஜனவரியில் பயிற்சியில் கால் முறிந்தது, அந்த சீசன் முழுவதும் போனது. ஓராண்டு ஒப்பந்தத்தில் அவரை வைத்திருக்கும் ஒருவர் அப்போது சம்பளத்தையும் இழப்பார், ஆளையும் இழப்பார். மூன்றாண்டு எழுதியவருக்கு ஓராண்டுதான் நஷ்டம். ஏனென்றால் ஹாத்தார்ன் கிளப்பில் மிட்சலின் வேலை அவருக்காகக் காத்திருந்தது. 2020இல் திரும்பி வந்தார், 2021இல் கிளப்பின் சிறந்த ஆட்டக்காரர் விருதையே மறுபடி வென்றார். காயத்துக்குப் பயந்து எல்லோருக்கும் ஓராண்டு எழுதுவது பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். உடம்பு ஆறிவிடும் என்றால், வேலை காத்திருக்கும் என்றால், நீண்ட ஒப்பந்தம்தான் பாதுகாப்பு.

நீண்ட ஒப்பந்தத்தைக் கண்டாலே தலையை ஆட்டுகிறவர்களுக்கு லான்ஸ் ஃபிராங்க்ளினை நினைவூட்டுவேன். 2013 முடிவில் சிட்னி அவருக்கு ஒன்பது ஆண்டு, சுமார் ஒரு கோடி டாலர் எழுதியபோது ஊரே சிரித்தது. 2020 முழுவதும் அவர் காயத்தால் ஆடவில்லை. ஆனால் 2022 மார்ச்சில், ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டில், தன் ஆயிரமாவது கோலை அடித்தார். கோல் அடிக்க வேண்டிய பந்து அவரைத் தேடித்தான் போக வேண்டும் என்று அந்த அணி முடிவு செய்திருந்தது, அந்த முடிவு ஆண்டுக்காண்டு மாறவில்லை. ஒன்பது ஆண்டு தாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

எங்கள் ஏலத்தில் சம்பளத்தில் வென்றவர், அடுத்த பெயர் கூப்பிடுமுன் ஆண்டைச் சொல்லியாக வேண்டும். போன முறை எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி, இருபத்துமூன்று வயது பின்வரிசை ஆட்டக்காரர் ஒருவரை நல்ல விலைக்கு எடுத்துவிட்டான். முந்தைய சீசனில் அவர் சராசரி 95. பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "அண்ணா, சின்ன வயசு. நாலு போட்டுடவா?" என்றான்.

"கிக்-இன் யார் எடுக்கிறா?" என்று கேட்டேன்.

"போன வருஷம் இவர்தான்."

"அதுக்கு முந்தின வருஷம்?"

யோசித்தான். அந்த வேலையை வழக்கமாகப் பார்த்த மூத்த ஆட்டக்காரர் முழங்கால் காயத்தில் ஒரு சீசன் வெளியே இருந்தார், இந்த ஆண்டு திரும்புகிறார். கிளப்போ டிராஃப்டில் முதல் சுற்றிலேயே இன்னொரு பின்வரிசை இளைஞனை எடுத்திருந்தது. தம்பி தாளில் 'ஒன்று' என்று எழுதினான். அந்த ஆட்டக்காரரின் காலிலோ கையிலோ எந்தக் குறையும் இல்லை. 95 என்ற எண்ணில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு கடனாக வந்த வேலையுடையது என்று பிரித்துப் பார்த்ததால் வந்த எண் அது.

இளைஞர்கள் விஷயத்தில் கணக்கு வேறு. டிராஃப்டில் எடுத்தவருக்கு எங்கள் லீகில் குறைந்த சம்பளத்தில் மூன்றாண்டு கட்டாயம். முதலாண்டில் புள்ளியை எதிர்பார்க்கக் கூடாது, வேலை எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்க வேண்டும். நிக் டெய்கோஸ் 2022இல் காலிங்வுட்டுக்குப் பின்வரிசையில் ஆடித்தான் சிறந்த இளம் ஆட்டக்காரருக்கான ரைசிங் ஸ்டார் விருது வாங்கினார், பிறகு மிட்ஃபீல்டுக்குப் போனார். அடிலெய்டின் ரோரி லேர்ட் 2017, 2018இல் பின்வரிசைக்காரராக ஆல்-ஆஸ்திரேலியன், 2020இல் நடுவட்டத்துக்கு நகர்த்தப்பட்டார். இப்படி உள்நோக்கி நகர்கிறவர்களுக்கு ஒப்பந்தத்தை நீட்ட வேண்டிய நேரம், நகர்வு தொடங்கிய சில வாரங்கள்தான். அப்போது சம்பளம் இன்னும் பழைய வேலையின் சம்பளமாகவே இருக்கும்.

பெரிய டிராஃப்டில் பெயர் வராதவர்களையும் விட்டுவிடக் கூடாது. 2010இல் ஃப்ரீமாண்டிலின் மைக்கேல் பார்லோ ரூக்கியாக வந்து, முதல் ஆட்டத்திலிருந்தே பந்தைக் குவித்தார். கால் முறியும்வரை அந்த சீசனை ஃபேன்டஸி ஆடிய யாரும் அவரை மறக்க மாட்டார்கள். சீசன் நடுவே நடக்கும் டிராஃப்ட் 2019இல் திரும்பி வந்தபோது ரிச்மண்ட் எடுத்த மார்லியன் பிக்கெட், தன் முதல் ஏ.எஃப்.எல். ஆட்டத்தையே அந்த ஆண்டின் இறுதிப் போட்டியில் ஆடினார். 2021இல் அதே வழியில் ஹாத்தார்னுக்கு வந்த ஜய் நியூகம் அந்த அணியின் மிட்ஃபீல்டுக்கே அச்சாணியானார். இவர்களுக்குப் பின்னால் ஒரு பொதுக் காரணம் உண்டு. கிளப்புகள் இப்படிப்பட்டவர்களை எதிர்காலத்துக்காக எடுப்பதில்லை, இன்றைக்குக் காலியாக இருக்கும் ஒரு வேலைக்காக எடுக்கின்றன. ஆகவே அவர்களுக்கு நான் கொடுக்கும் சம்பளம் குறைவு, ஆண்டு அதிகம்.

ஒப்பந்தங்கள் எல்லாம் ஒரே ஆண்டில் முடியாமல் பார்த்துக்கொள்வது இன்னொரு கடமை. எங்கள் தாளில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே முடியும் ஆண்டு இருக்கும். அந்தப் பத்தியை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்ப்பேன். இரண்டு ரக்குகளும் ஒரே ஆண்டில் முடிந்தால், அந்த ஏலத்தில் எதிராளிகள் என் அவசரத்தை மோப்பம் பிடித்து விலையை ஏற்றிவிடுவார்கள். ஆகவே ஒருவருக்கு இரண்டு, இன்னொருவருக்கு மூன்று.

அக்டோபரில் கிளப்புகள் ஆள் மாற்றிக்கொள்ளும் வாரங்களையும், நவம்பர் டிராஃப்டையும், கோடைப் பயிற்சிச் செய்திகளையும் நான் படிப்பது ஒரே ஒரு கேள்விக்காக: இந்த ஆட்டக்காரரின் வேலையை அவரிடமிருந்து யார் பறிக்க முடியும்? அந்த அணியிலிருந்து ஒரு பெயரையும் சொல்ல முடியாவிட்டால் தாராளமாக நான்கு எழுதலாம். ஒரு பெயர் வந்தால் இரண்டோடு நிறுத்தலாம். இரண்டு பெயர் வந்தால், சராசரி நூறைத் தாண்டினாலும், ஓராண்டுக்கு மேல் எழுத வேண்டாம். சம்பளத்தில் ஐந்து பத்து டாலர் கூடக் கொடுத்ததால் எந்த அணியும் எங்கள் லீகில் மூழ்கியதில்லை.